பைப் வேலை படித்த பிள்ளைக்கு அடுத்த படி எது?

சென்ற மாதம் சண்டிலிப்பாயில் ஒரு வீட்டுப் படலையடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுத் தகப்பன் உள்ளே போய் பிளாஸ்ரிக் உறையொன்றுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடதாசி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். மகன் நீர்க்குழாய் பொருத்துநர் பயிற்சி முடித்துப் பெற்ற சான்றிதழ் அது. தேசிய தொழிற்றகைமை, மட்டம் 3.

"ஐயா, பெடியன் பைப் வேலை படிச்சு முடிச்சிட்டான். இனி என்ன செய்யிறது? தாயின்ரை காப்பு ரண்டு கிடக்கு. அதை வைச்சுக் கட்டாருக்கு அனுப்பிவிடுவமோ?"

1990இல் வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வெளிக்கிட்ட குடும்பம் அது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது அவர்களும் மறுபடி பெயர்ந்தார்கள். இன்றும் இரவல் காணியில்தான் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சியவை அந்த இரண்டு காப்புகள். அவருக்கு அன்றே மறுமொழி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் இருப்பதால், யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடதாசி என்ன சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்வோம். இலங்கையின் தொழிற்றகைமைகள் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கின்றன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். நான்காம் மட்டம் எடுத்தவனே முழுமையான கைவினைஞன், தன் பொறுப்பில் தனியே ஒரு வேலையை எடுத்துச் செய்து முடிக்கக்கூடியவன். மூன்றாம் மட்டத்துப் பிள்ளைக்கு வேலை தெரியும். ஆனால் மேலே ஒருவர் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். ஆகவே அந்தப் பிள்ளை படித்து முடித்துவிட்டான் என்பது சரியல்ல. பாதி வழியில் நிற்கிறான்.

என் அபிப்பிராயம் இதுதான். அவன் விமானம் ஏறுவதற்கும், டிப்ளோமா வகுப்பு ஒன்றில் போய் அமர்வதற்கும் முன்னர், இங்கேயே ஒரு கைதேர்ந்த வேலைகாரரின் கீழ் ஒன்றிரண்டு வருடம் நின்று நான்காம் மட்டத்தை எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு விடயங்களைத் தனியாகப் பழகிக்கொள்ளவும் வேண்டும். ஒன்று நீரிறைக்கும் இயந்திரம். மற்றது கழிவுநீர்.

ஏன் இந்த இரண்டு என்று கேட்பீர்கள். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சண்டிலிப்பாய்ப் பக்கமாகப் போகும் வழுக்கையாறுகூட மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில் விழுந்துவிடும், கோடையில் அதன் தடம்தான் மிச்சம். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் மழைத் தண்ணீரையே. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். இதைத் தோட்டக்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கோடையில் தண்ணீர் கீழே போனால் இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மேலே இருந்து உறிஞ்சும் இயந்திரம் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழே போனால் இழுக்கமாட்டாது. அதன் காரணத்தைக் கணக்கோடு படித்து, புட்வால்வு எங்கே நிற்க வேண்டும், குழாய் எத்தனை அங்குலம், தாங்கி எவ்வளவு உயரம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஊரில் வேலை குறையாது. சொட்டுநீர்ப்பாசனக் குழாய் போடுவதும் அதே கைதான். வகுப்பில் நகரத்துப் பிள்ளை முந்தினாலும் கிணற்றடியில் தோட்டக்காரனின் பிள்ளைதான் முந்துவான்.

கழிவுநீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. சுண்ணாம்புக் கல் வெடிப்பும் பொந்தும் உள்ளது. மலகூடக் குழியிலிருந்து இறங்குவது மண்ணில் வடிபட்டுத்தான் கிணற்றுக்குப் போகும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. 50 அடி தள்ளிக் குழி வெட்டினோம் என்று ஆறுதல்பட்டால், கல்லுக்குள் உள்ள வெடிப்பு அந்த 50 அடியைக் கணக்கில் எடுப்பதில்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்துக்குப் போடும் உரமும் காரணம், குழிகளும் காரணம். ஒரே வளவுக்குள் நாலு குடும்பம் நெருங்கியிருக்கும் இடங்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடி பூசிய இரண்டு அறைத் தொட்டி, அதிலிருந்து வெளியேறும் நீருக்கு ஒழுங்கான வழி, நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடியில் ஓர் அடி சரிவு, காற்றுப் போகக் குழாய். இவ்வளவும் சரியாகச் செய்பவன் ஒரு வளவின் கிணற்றைக் காப்பாற்றுகிறான். எங்கள் வீட்டில் ஒருவர் சரிவே இல்லாமல் குழாயைப் புதைத்து மூடிவிட்டுப் போனார். இரண்டாம் வருடம் நிலத்தைக் கிண்டி எடுத்தோம், செலவு இருமடங்கு.

இன்னொன்றும் வந்திருக்கிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. குழாய்நீர் வரும் வீடுகளில் கிணறும் இருக்கும், சபையின் தண்ணீரும் இருக்கும். செலவு மிச்சம் என்று இரண்டையும் ஒரே குழாயில் கொழுவிவிட்டால், அமுக்கம் குறைந்த நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் ஊருக்குப் போகும் குழாய்க்குள் புகுந்துவிடலாம். இரண்டு வழியையும் வேறாகப் பிரித்து, பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் வால்வு போடத் தெரிந்தவர்கள் இனிமேல் நிறையத் தேவைப்படுவார்கள்.

நான்காம் மட்டத்துக்கு எங்கே போவது? தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை பிள்ளைகளை வேலைத்தளங்களில் பயிலுனராகச் சேர்த்துவிடுகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிடமும் யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவருக்கும் வழி உண்டு. முன்னர் கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை அது. அதற்கு ஆதாரம் வேண்டும். எனவே பிள்ளை ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். எந்தத் திகதி, என்ன வேலை, எத்தனை அடி குழாய், பார்த்துத் திருத்தியவர் யார் என்று எழுதி, படமும் எடுத்து வைக்கட்டும். எந்த இடத்தில் சேருவதானாலும் முதலில், "இந்தப் பயிற்சி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? முடிவில் கிடைப்பது எத்தனையாம் மட்டம்?" என்று கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள். அழகான சான்றிதழ் அச்சடிப்பது கடினமல்ல.

டிப்ளோமா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கும் வரைபடமும் ஆங்கிலமும் ஓடும் பிள்ளை நான்காம் மட்டத்துக்குப் பின் ஐந்துக்குப் போகட்டும். அந்த ஏணி இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தின் பட்டம் வரை போகிறது. ஆனால் வீட்டில் உழைப்பவர் வேறு இல்லையென்றால், முழுநேரப் படிப்பின் ஒவ்வொரு மாதமும் வீட்டின் ஒரு மாதச் சீவியம் என்பதையும் கணக்கில் எடுங்கள். பெண்பிள்ளைகளும் இந்த வேலை படிக்கலாம். குடும்பத்தின் தண்ணீர்க் கவலை முழுவதும் பெண்களின் தலையில் இருக்க, குழாய் வேலை மட்டும் ஆம்பிளை வேலை என்பது எனக்கு விளங்குவதில்லை.

இனிக் கட்டார். வெளிநாடு போவது பிழையல்ல. போன பிள்ளைகளின் காசில் கட்டிய வீடுகள் எங்கள் கண்முன் இருக்கின்றன. ஆனால் மூன்றாம் மட்டத்தோடு, ஆங்கில வரைபடம் வாசிக்கத் தெரியாமல் போகிறவன் அங்கே குழாய் தூக்கிக் கொடுக்கும் உதவியாளாகவே நிற்க நேரிடலாம். பெரிய கட்டடங்களில் தீயணைப்புக் குழாய், குளிரூட்டிக் குழாய், சூட்டில் ஒட்டும் குழாய் என்று எங்கள் ஊரில் கை படாத வேலைகளும் உண்டு. நான்காம் மட்டமும் இரண்டு வருட அனுபவமும் கையில் இருந்தால் சம்பளம் பேச வாய் வரும். அப்போதும் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்த்து, ஒப்பந்தத்தில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று வாசித்த பின்னரே ஒரு சதமும் கொடுக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் அந்தத் தகப்பனிடம் போய் இதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப காப்பு?" என்று தாய்தான் உள்ளேயிருந்து கேட்டார். இரண்டையும் வைக்க வேண்டாம், வைக்கத்தான் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் வைத்து, இரண்டு பைப் ரென்ச், ஒரு வாள், மரை வெட்டும் அச்சு, மட்டக்கோல், குழாயின் அமுக்கம் பார்க்கும் கைப்பம்பு ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள் என்றேன். பெடியன் அந்தப் பட்டியலைத் தன் கொப்பியில் எழுதி, விலை விசாரிக்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.