திருகினது போதும் சாமி, ஸ்பிரிங்கைப் பாருங்க!

மண்ணுல பைக் ஓட்டுற நம்ம கூட்டத்துல ஒரு வியாதி பரவிக் கிடக்குது மக்கா. முன் ஃபோர்க் விறைப்பா இருக்கா? ரெண்டு கிளிக் திருகு. குழியில இறங்குனா 'டம்'முனு அடி தட்டுதா? நாலு கிளிக் திருகு. கை மரத்துப் போகுதா? "ஜிம்முக்குப் போ தம்பி." இந்த மூணாவது அறிவுரையைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அய்யாமாரே, உள்ளே ஸ்பிரிங்னு ஒண்ணு இருக்கு. உங்க எடையைத் தாங்கறது அதுதான். கிளிக்கர் கட்டுப்படுத்தறது எண்ணெய் ஓட்டத்தை மட்டும். ஃபோர்க் அசையும்போதுதான் எண்ணெய்க்கு வேலை. அசைவு நின்னா அதோட விசை பூச்சியம். முதல் வருஷ இஞ்சினியரிங் பாடம், அரியர் வெச்சவனுக்கும் தெரியும். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, டேட்டாபேஸைத் தப்பா கட்டிட்டு பட்டன் கலரை மாத்திக்கிட்டிருக்கற கதை.

கேடிஎம் 300 இஎக்ஸ்சி, எக்ஸ்ப்ளோர் ஃபோர்க் வெச்சது. அதுக்கு 65-75 கிலோ ஆளுன்னா மில்லிமீட்டருக்கு 4.0 நியூட்டன் ஸ்பிரிங், 75-85 கிலோவுக்கு 4.2, 85-95 கிலோவுக்கு 4.4. கம்பெனியில இருந்து வர்றது நடுவுல இருக்கறது. அந்த எடையும் ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் மாட்டின எடை. நம்மூர் 55 கிலோ பையன் எல்லாத்தையும் மாட்டினாலும் 65-ஐத் தொடறதே பெரிய விஷயம். அவன் ஏறி உக்காந்தது ஃபோர்க்குக்குத் தெரியவே தெரியாது. கல்லுல விழுற அடி அத்தனையும் மணிக்கட்டுக்கு. வளைவுல முன் சக்கரம் பதியாம வெளியே இழுக்கும். பயந்துபோய்ப் பின்னாடி தள்ளி உக்காருவான், இன்னும் மோசமாகும். அவனைப் போய் ஜிம்முக்கு அனுப்புறீங்களே, நியாயமா?

95 கிலோ அண்ணாச்சிக்கு நேரெதிர். பிரேக் பிடிச்சா மூக்கு குத்தும், இறக்கத்துல ஹேண்டில் தலையாட்டும்.

"பிரீலோட் ஏத்தினா இறுகிடும்ல?" இறுகாதுங்க. ரெண்டு காலும் சேர்ந்து 8.4 நியூட்டன். 10 மி.மீ. பிரீலோட் ஏத்தினா 84 நியூட்டன் கூடும். 50 மி.மீ. ஆழத்துலயும் அதே 84, 250-லயும் அதே 84. பதிலா 4.4 ஸ்பிரிங் போட்டுப் பாருங்க: 50 மி.மீ. ஆழத்துல 20 நியூட்டன்தான் கூடும், 250-ல 100 கூடும். சின்னக் கல்லுக்கு மெத்துன்னு, பெரிய குழிக்குக் கெட்டியா. நமக்கு வேண்டியது எதுன்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்து கெட்டி எண்ணெய் ஊத்துற கோஷ்டி. அது திரும்பி எழும்புறதையும் சேர்த்து மந்தமாக்கும். வரிசையா மேடு வந்தா ஃபோர்க் எழும்ப நேரமில்லாம உள்ளேயே அமுங்கிப் போகும். எண்ணெயோட அளவைக் கூட்டறது வேற சமாச்சாரம், உள்ளே காத்துக்கு இடம் குறைஞ்சு கடைசிக்கட்டம் மட்டும் விறைக்கும். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

கிளிக்கரே வேண்டாம்னு சொல்ல வரலை. ஸ்பிரிங் எடைக்குப் பொருந்தின ஆளுக்கு ரெண்டு கிளிக்ல சொர்க்கம் தெரியும். ஸ்பிரிங்கை மாத்தினா ரீபவுண்டையும் திரும்பப் பார்த்துத்தான் ஆகணும், ஏன்னா கெட்டி ஸ்பிரிங் வேகமா உதைக்கும்.

செலவாகும்கறீங்களா? ஆகும்தான். சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் கொட்டும்போது அந்தக் கணக்கு எங்கே போச்சாம்? :-)

சந்தேகம் இருந்தா ஃபோர்க்கோட பளபளக் குழாயில, சீலை ஒட்டினாப்ல ஒரு கேபிள் டை கட்டுங்க. 2023-ல ஹீரோ விட்ட எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவுக்கு முன்னாடி 250 மி.மீ. பயணம். வழக்கமா ஓட்டுற இடத்துல, வழக்கமான வேகத்துல ஒரு சுத்து போயிட்டு வாங்க. இருக்கறதுலேயே பெரிய குழியில இறங்கியும் டை 150-ஐத் தாண்டலைன்னா, ஸ்பிரிங் உங்களுக்குன்னு செஞ்சதில்ல. குழிக்குக் குழி அடி தட்டினாலும் அதே கதைதான். அளவை எடுத்துக்கிட்டு வாங்க, கிளிக்கைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம்.