கல்வராயன் மலைக்கு எதுக்கு பொட்டிக் ஓட்டல்?

லாங் வீக்கெண்டு வந்தா போதும், பொட்டி தட்டுற நம்ம மக்கள் ஆரம்பிச்சுடுவாங்க. "கல்வராயன் மலை சூப்பர் மச்சி, மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் இருக்கு. தங்கத்தான் உருப்படியா இடம் இல்ல. பத்து ரூமோட ஒரு பொட்டிக் ஓட்டல் வந்தா ஏற்காடு மாதிரி ஆயிடும்."

ஏன்யா ஏற்காடு மாதிரி ஆகணும்?

முதல்ல இந்த பொட்டிக் சமாச்சாரத்தைப் பாத்துடலாம். 1984-ல நியூயார்க்குல மார்கன்ஸ் ஓட்டலைத் திறந்தவங்க கிளப்பி விட்ட பேரு இது. பெரிய ஓட்டல் டிபார்ட்மெண்ட் ஸ்டோர்னா எங்களுது பொட்டிக்னு சொன்னாங்களாம். நம்ம ஊர்ல அது புதுச்சேரித் தெருவுலயும் சென்னையோட அமைதியான குடியிருப்புப் பகுதியிலயும் வந்து உக்காந்துச்சு. நானும் தங்கியிருக்கேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க காசு குடுக்கறது கட்டிலுக்கா? வாசல் கோலம், காலையில பால்காரர் மணி, எதிர்வீட்டுத் திண்ணையில பேப்பர் படிக்கிற தாத்தா, இதுக்குத்தான். இதுல எதையும் ஓட்டல்காரர் கட்டலை. கட்டினவங்களுக்குப் பங்கும் இல்லை. தெரு முழுக்க ஓட்டலாயிட்டா அந்தத் தாத்தாவும் இருக்க மாட்டார்.

இப்ப மலைக்கு வருவோம். கல்வராயன் மலை மக்கள் மலையாளிகள். கேரளாக்காரங்க இல்லைங்க, தமிழ் பேசற பழங்குடிகள். ஜாகீர்தார்கள் கையில இருந்த இந்த மலை அரசாங்கத்துகிட்ட வந்ததே 1976-லதான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தப்பறம்தான், இந்த மலை மக்கள் எப்படி வாழறாங்கன்னு சென்னை உயர்நீதிமன்றம் தானா முன்வந்து விசாரிச்சுது. ரோடும் ஆஸ்பத்திரியும் கேட்டு கோர்ட்டுல பேச வேண்டிய நிலைமை. நமக்கு இன்ஃபினிட்டி பூல் கவலை!

ஏற்காட்டுலயும் பூர்வகுடி இதே மலையாளிகள்தான். 1820-கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டு வந்தார். அப்புறம் எஸ்டேட், பங்களா, ஓட்டல். இன்னிக்கு அங்க நான் தங்கின இடத்துல எல்லாம் மலையாளிகளை தோட்டத்துலயும் அடுப்படியிலயும் பாத்தேன். கல்லாவுல ஒருத்தரைக்கூட பாக்கலை.

"வேலை கிடைக்குமே பாஸ்?" நியாயமான கேள்விதான். மலையில வேலை இல்லாம கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்குப் போறவங்க நிறைய. ஆனா வேலை வேற, உரிமை வேற. சொந்த மலையில வாட்ச்மேன் வேலை குடுத்துட்டு அதுக்கு முன்னேற்றம்னு பேர் வைக்கக் கூடாது.

வழி இல்லாமலும் இல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே திட்டம் என்ன சொல்லுது? 1 முதல் 6 ரூம், அதிகபட்சம் 12 கட்டில், ஓனர் குடும்பத்தோட அதே வீட்டுல இருக்கணும். அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இல்ல? வெளியூர் முதலாளிக்கு இதுல இடமே கிடையாது.

சிக்கல் பணம். 2006 வன உரிமைச் சட்டப்படி கிடைக்கிற நிலம் வாரிசுக்குப் போகும், ஆனா விக்க முடியாது. அது நல்ல வேலிதான், எடுத்துடாதீங்க. ஆனா அடமானம் வைக்க முடியாத நிலத்துக்கு எந்த பேங்க் லோன் குடுக்கும்? அதனால தாட்கோ மூலமாவோ மகளிர் குழு மூலமாவோ ரெண்டு ரூம், ஒரு கக்கூஸ், தண்ணி டேங்க் கட்டற அளவுக்குக் கடன் குடுங்க. ரிசார்ட்டுக்கு ரோடு போடறதைவிட செலவு கம்மி.

அது வர்ற வரைக்கும் கள்ளக்குறிச்சியிலயே ரூம் போடுங்க. காலையில கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா ஏறி, வெள்ளிமலையில உள்ளூர்க்காரங்க கடையில சாப்பிட்டுட்டு, சாயங்காலம் இறங்கிடுங்க. அந்த ஊர்க்காரங்க ஓனரா உக்காந்து "வாங்க"ன்னு கூப்பிடற அன்னிக்கு ராத்திரி தங்கிக்கலாம். வாடகை கொஞ்சம் கூடக் கேட்டாலும் பேரம் பேசாம குடுங்க சாமிகளா :-)