ஓடுகிற மெஷின்தானே என்று விட்டுவிடலாமா?

கம்ப்யூட்டர் கோளாறினால் கார் தொழிற்சாலை நிற்குமா? நின்றிருக்கிறது. அதுவும் நம் ஒரகடத்தில்!

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி. "வானாகிரை" என்ற நாசகார வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. "பணம் கொடுத்தால்தான் திறப்பேன்" என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் பாதிப்பு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளி வைக்கப்பட்டன. ஒரகடத்தில் அன்று ரெனோ-நிசான் கூட்டாக நடத்திய கார் தொழிற்சாலையிலும் உற்பத்தி தடைப்பட்டது.

இதில் வேதனை என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் ஆகியும் பலர் அதைப் போடவில்லை.

"அது விண்டோஸ் சமாசாரம். எங்கள் சர்வர் லினக்ஸ். எங்களுக்குப் பயம் இல்லை" என்று சொல்லும் சிறு கம்பெனிக்காரர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மொழிக்கும் வயது உண்டு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் ஏராளம். ஸ்டோரில் எத்தனை போல்ட் இருக்கிறது, எந்த லாரி எப்போது புறப்பட வேண்டும் என்ற கணக்கு இப்போது நோட்டில் இல்லை. சர்வர் என்ற கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இப்படிப்பட்ட கணக்குப் பக்கங்களை எழுதப் பலரும் பயன்படுத்துவது "பி.எச்.பி." என்ற கம்ப்யூட்டர் மொழி. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் வெளியிட்டது. இலவசம். அதனால் உலகெங்கும் பரவியது.

இதன் ஒவ்வொரு பதிப்புக்கும் சில ஆண்டுகள்தான் ஓட்டை அடைத்துத் தருவார்கள். 5.6 என்ற பதிப்புக்கு 2018 டிசம்பரோடு கெடு முடிந்தது. 7.4 என்ற பதிப்புக்கு 2022 நவம்பரோடு முடிந்தது. லினக்ஸ் தரும் சில கம்பெனிகள் பழைய பதிப்புக்கு இன்னும் கொஞ்ச காலம் ஒட்டுப் போட்டுத் தருகின்றன. அதற்கும் ஒரு கெடு உண்டு. பிறகு ஓட்டை ஓட்டைதான்.

"ஏன் தொடுகிறாய்?"

முதலாளியிடம் போய்ச் சொன்னால், "ஓடுகிறதை ஏன் தொடுகிறாய்?" என்பார். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

பழைய பக்கங்கள் தகவல் எடுக்கப் பயன்படுத்திய சில கட்டளைகளை 7-ம் பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள். பதிப்பை மாற்றினால் திரை வெள்ளையாக நிற்கும். இதை நல்ல கோளாறு என்பேன். உடனே தெரிந்துவிடுகிறது அல்லவா?

கெட்ட கோளாறு வேறு.

ஸ்டோர் கீப்பர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு, "காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றுதான்" என்று எடுத்துக்கொண்டது. 2020-ல் வந்த 8-ம் பதிப்பு, "காலி வேறு, பூஜ்யம் வேறு" என்கிறது. புதிய பதிப்பு சொல்வதுதான் நியாயம். ஆனால், "பூஜ்யம் என்றால் சரக்கு வாங்கு" என்று பத்து ஆண்டுக்கு முன் எழுதி வைத்த கணக்கு என்ன ஆகும்?

சரக்கு தீர்ந்தது தெரியாது. திரையில் எந்தப் பிழையும் வராது. மூன்றாம் நாள் கேட்டில் லாரி வந்து நிற்கும். ஏற்றுவதற்குப் பொருள் இருக்காது!

பழி யார் தலையில் விழும்? கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் தலையில்! பகலில் பிரிண்டர் ரிப்பேர், சம்பளப் பட்டியல் எல்லாம் அவன்தான். "ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடு தம்பி" என்று இதையும் அவன் தலையில் கட்டுகிறார்கள்.

இது அநியாயம். பிரஸ் மெஷினை நிறுத்தி டை மாற்ற நேரம் ஒதுக்குகிறோம். லேத்துக்கு எண்ணெய் மாற்றப் பணம் கொடுக்கிறோம். சர்வருக்கு மட்டும் ஏன் நேரமும் இல்லை, பணமும் இல்லை?

நகலில் பாருங்கள்

முதலில் எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டும். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து, புதிய பதிப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு வசதி உண்டு. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். சரிப்படவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம்.

நகலைச் சோதிக்க வேண்டியது கம்ப்யூட்டர் பையன் மட்டும் அல்ல. ஸ்டோர் கீப்பரும், லாரி அனுப்பும் குமாஸ்தாவும் பக்கத்தில் உட்கார வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்க்க வேண்டும். தப்பாக எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஓவர்டைம் கொடுத்தால் எந்த முதலாளியும் ஏழையாகிவிட மாட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வேலையில் இருந்தால், நாளும் ஆளும் வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். வேலையைக் காலையிலேயே ஆரம்பிக்கட்டும். ஏதாவது கெட்டுப் போனாலும், மறுநாள் முதல் ஷிப்டு பஸ் வருவதற்குள் பழையபடி ஓட்டிவிட அவகாசம் இருக்கும்.