தேதி தெரியாத பிரயாணம்

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாளாம். முதல் பிரசவம். டாக்டர் ஒரு தேதி சொல்லியிருக்கிறார். "இப்பவே டிக்கெட் போட்டால் விலை கம்மி" என்கிறார் மாப்பிள்ளை. "குழந்தை நம்ம டிக்கெட்டைப் பார்த்தா பிறக்கப் போகுது? தேதி மாறினால் போட்ட பணம் அம்பேல்" என்கிறார் வீட்டுக்காரர். இவர்கள் இருவருக்கும் நடுவில் நான் பெட்டியை எடுப்பதா வேண்டாமா என்று கேட்கிறார்.

பெட்டியை எடுத்துத் துடைத்து வையுங்கள், அம்மா. மாப்பிள்ளை சொல்வதும் சரி, வீட்டுக்காரர் சொல்வதும் சரி. ஆனால் இருவரும் ஒன்றை யோசிக்கவில்லை. குழந்தை பிறக்கும் தேதி வேறு; நீங்கள் விமானம் ஏறும் தேதி வேறு.

டாக்டர் சொல்கிற தேதி என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்கிற உத்தேசம்தான். ஸ்கேன் பார்த்து அதைக் கொஞ்சம் திருத்துவார்கள். அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் எப்போது வலி எடுத்தாலும் அதிசயமில்லை. அதாவது ஐந்து வாரம் முன்னே பின்னே! அதற்குத் தகுந்தாற்போல் டிக்கெட் போட ஜோசியராலும் முடியாது.

ஆகவே குழந்தையின் தேதியை விட்டுவிடுங்கள். உங்கள் தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னால் அங்கே இருப்பது என்று தீர்மானித்துவிட்டால், போகிற தேதி நிச்சயமாகிவிடுகிறது. நிச்சயமான தேதிக்கு மலிவான டிக்கெட்டைத் தைரியமாக வாங்கலாம்.

"மூணு வாரம் அங்கே சும்மா உட்கார்ந்து என்ன பண்றது?" என்று சிலர் கேட்பார்கள். சும்மா எங்கே உட்காரப் போகிறோம்? அந்த ஊர் அடுப்பு, துணி துவைக்கிற மெஷின், மளிகைக் கடைக்கு வழி, குளிருக்கு எத்தனை துணி போடுவது, இத்தனையும் பழக வேண்டாமா? வேளை கெட்ட வேளையில் முழிக்கிற அலுப்பு தீரவே நமக்கு ஒரு வாரம் ஆகும். அங்கெல்லாம் சுகப் பிரசவமானால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பச்சை உடம்புக்காரி வாசலில் வந்து நிற்கும்போது, ரசம் வைக்கப் பாத்திரம் எங்கே என்று நாம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரே ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு, எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில்தான் தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதம். கணக்கு இறங்கிய நாளிலிருந்து ஓடும். ரொம்ப முன்னால் போய்விட்டால், பேரன் குப்புற விழும் சமயத்தில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நிச்சயமில்லாதது திரும்பி வரும் தேதிதான். சம்பந்தி அம்மாள் எப்போது வந்து மாற்றிக்கொள்வார், மகள் எப்போது வேலைக்குப் போவாள், இங்கே வீட்டுக்காரர் எத்தனை நாள் ஓட்டல் சாப்பாடு சாப்பிடுவார்? யாருக்குத் தெரியும்! டிக்கெட்டில் கூடுதலாக ஏதாவது செலவழிப்பதானால் இந்தத் திரும்பும் பாதிக்குச் செலவழியுங்கள். சில கம்பெனிகளில் போக ஒரு ரகம், வர ஒரு ரகம் என்று கலந்து வாங்கலாம். சிலவற்றில் எது கடுமையான நிபந்தனையோ அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்திவிடும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, "இந்த டிக்கெட்டில் அதிகபட்சம் எத்தனை நாள் தங்கலாம்?" என்றும் கேளுங்கள். மலிவு டிக்கெட்டுகள் சிலவற்றில் மூன்று மாதம்தான் என்று ஒரு வரி ஒளிந்துகொண்டிருக்கும்.

தேதி மாற்றுவது பற்றி எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, "மாற்றக் கட்டணம் இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், அப்புறம் எப்படிப் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள்?" என்பதுதான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

விமானத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். இட்லி தட்டு மாதிரி, சீட்டுகளை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழ்த் தட்டில் மலிவு சீட்டு கொஞ்சம். அது தீர்ந்ததும் அடுத்த தட்டு, அதற்கு மேல் விலை. நீங்கள் முன்கூட்டியே கீழ்த் தட்டில் வாங்கியிருப்பீர்கள். மாற்ற நினைக்கும் சமயம், புதிய தேதியில் கீழ்த் தட்டு காலியாகியிருக்கும். மாற்றுவதற்கு என்று தனிக் கட்டணம் இல்லாவிட்டாலும், பழைய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்தே தீர வேண்டும். அந்தப் பன்னிரண்டாயிரம் இதுதான். ஆகவே மாற்ற வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கே மாற்றுங்கள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளினால் வித்தியாசம் ஏறிக்கொண்டேதான் போகும். கோடை லீவு, டிசம்பர் லீவு சமயத்தில் திரும்புவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் விலை குறையும், செவ்வாய்க்கிழமை வாங்கினால் குறையும் என்று செல்போனில் வருகிற யோசனைகளை நான் நம்புவதில்லை. தூக்கம்தான் கெடும். ஆனால் கூட்டமில்லாத நாளில் பிரயாணம் செய்தால் குறையும் என்பது வாஸ்தவம். வாரத்தின் நடு நாட்களைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

இன்னொரு சமாசாரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்வேன். போக வர ஒரே டிக்கெட்டாக வாங்கிவிட்டு, போகும் விமானத்தில் சொல்லாமல் ஏறாமல் இருந்துவிட்டால், பொதுவாகத் திரும்பும் சீட்டும் தானாக ரத்தாகிவிடும். "போறதுக்கு வேற டிக்கெட் வாங்கிக்கிட்டேன், வர்றதுக்கு அதுவே இருக்கே" என்று நினைத்துக்கொண்டு விமான நிலையத்தில் போய் நின்றவர்கள் உண்டு. போகவில்லை என்று தெரிந்தால் விமானம் கிளம்புவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, அமெரிக்கா பக்கம் எல்லோருக்கும் இல்லை. நம் வீடுகளில் அதிகம் நடப்பது தாய்வீட்டுப் பிரசவம். மகள் டில்லியிலோ புனேயிலோ இருப்பாள். வளைகாப்பு முடிந்து அழைத்துவர வேண்டும். இங்கே கணக்கு வேறு.

உள்நாட்டு விமானங்களில் போவதற்கும் வருவதற்கும் பெரும்பாலும் தனித்தனி விலைதான். சேர்த்து வாங்குவதால் பெரிய லாபம் கிடையாது. வருகிற டிக்கெட்டை மட்டும் வாங்குங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். மூன்றாம் மாதம் அனுப்புகிறோமா, ஐந்தாம் மாதமா என்று சம்பந்தி வீட்டில் பேசி முடிவான பிறகு வாங்கினால் போதும். அது தீபாவளியையோ பொங்கலையோ மே மாதத்தையோ ஒட்டி வந்தால் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள்.

வருகிற தேதியைத் தள்ளிப் போடவும் கூடாது. கர்ப்பிணிகளை எத்தனை வாரம் வரை ஏற்றுவது என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி உண்டு. பொதுவாக 36 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். கடைசி மாதங்களில் பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிய கடிதம் கேட்பார்கள். அதையும் புறப்படச் சில நாட்களுக்குள் வாங்கியதாகக் கேட்பார்கள். மகளின் டாக்டர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், டிக்கெட் போனால் போகிறது என்று இருந்துவிட வேண்டியதுதான். அந்தப் பணத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது.

இந்த மாதிரிப் பிரயாணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் டிக்கெட்டும் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு. முன்பு 120 நாள் இருந்தது. பல நாள் முன்னதாகவே ரத்து செய்துவிட்டால் ரயிலில் போவது கொஞ்சப் பணம்தான்.

இப்போது ரத்து விஷயம். டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிற மத்திய சர்க்காரின் விமானத் துறை இயக்குநரகம் பிரயாணிகளுக்காகச் சில விதிகள் வைத்திருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. பிரயாணம் ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளி இருந்து, கம்பெனியின் வலைத்தளத்திலேயே நேராக வாங்கியிருந்தால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவோ தேதி மாற்றவோ அபராதம் கிடையாது. புதிய தேதிக்கு விலை கூட என்றால் அந்த வித்தியாசம் மட்டும் கொடுக்க வேண்டும். அமெரிக்கா போய் வரும் விமானங்களுக்கு அந்த நாட்டுச் சட்டத்திலும் இதே போல 24 மணி நேர அவகாசம் உண்டு. பிரயாணத்துக்கு ஒரு வாரமாவது இருக்க வேண்டும், கம்பெனியிடமே நேராக வாங்கியிருக்க வேண்டும். ஆகவே விலை நன்றாக இருக்கிறதென்றால் முதலில் வாங்கிவிட்டு, அன்று ராத்திரி சம்பந்தி வீட்டுக்கும் மகளுக்கும் போன் போட்டுப் பேசி முடிவு செய்யலாம். அந்த ஒரு நாளில் பெயரையும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். இனிஷியல், அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர் என்று நமக்குத்தான் குழப்பம் அதிகம்.

மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. ரத்துக் கட்டணம் என்று அடிப்படை விலையையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. சர்க்கார் வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் திருப்பித் தந்தாக வேண்டும், சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும் சரி, நீங்கள் ஏறாமலே இருந்துவிட்டாலும் சரி. உதாரணத்துக்கு 4,500 ரூபாய் டிக்கெட்டில் 900 ரூபாய் இப்படிப்பட்ட வரியும் கட்டணமும் என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவதற்கு 3,000 ரூபாயும் விலை வித்தியாசமும் கேட்கிறார்கள் என்றால், புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை ரத்து செய்து அந்த 900-ஐ வாங்குவது லாபமா என்று பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். சில சமயம் லாபமாகவே இருக்கும்.

பணத்தைத் திருப்பித் தராமல் "எங்களிடமே வரவு வைத்துக்கொள்கிறோம், அடுத்த தடவை உபயோகித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். உங்களுக்கு இஷ்டமிருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். பணமாகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானமா முழுப் பணமா என்று தேர்ந்தெடுப்பதும் நம் கையில்தான். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: வெளிநாட்டுக் கம்பெனிகள் பணம் திருப்பித் தருவதில் தங்கள் நாட்டு விதியைப் பின்பற்றும். ஏஜெண்ட் மூலம் வாங்கினால் அவர் தன் பங்குக்குப் பிடிப்பது தனி. எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். தேதி முன்னே பின்னே ஆனது, சம்பந்தி வரவில்லை, மகள் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னாள் என்பதெல்லாம் அதில் இருக்காது. சாதாரணப் பிரசவமும் பெரும்பாலான பாலிசிகளில் சேராது. வயதானவர்களுக்கு வைத்தியச் செலவுக்காக எடுங்கள், டிக்கெட்டுக்காக வேண்டாம்.

சிங்கப்பூருக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர்களும் எழுதுகிறார்கள். திருச்சியிலிருந்தே நேராகப் போகலாம், தூரமும் குறைவு. உள்நாடு மாதிரி ஒரு வழி மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இறங்கும்போது திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லலாம். விமானத்தில் ஏறுமுன் இங்கேயே கேட்பதும் உண்டு. உங்களுக்கு அனுமதிக்கக் கூடிய நாட்களுக்குள் ஒரு திரும்பும் தேதி போட்டு, மாற்றக்கூடிய ரகமாக வாங்குங்கள்.

சேலம் சகோதரிக்கு: டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னால், வாரத்தின் நடு நாள் ஒன்றில் போக வர டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். திரும்பும் தேதி ஐந்தாம் மாத முடிவில் இருக்கட்டும், மாற்றக்கூடியதாக. மொத்தம் எவ்வளவு கூட ஆகிறது என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குச் சாதம் வடிக்கக் கற்றுக்கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.