குறை கூறுதற்கும் ஒரு முகவரி வேண்டும்

நம் கல்லூரியின் ஜூபிலி மலரிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் மறைந்த ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும், வென்ற விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியுமே இருத்தல் வழக்கம். அவ்வழக்கினின்றும் நான் சிறிது விலகுவதை மலர்க் குழுவினர் பொறுத்தருள்வாராக. நம்மிற் பலர் பட்டறிந்து, பின்னர் நகைத்து மறந்துவிட்ட ஒரு தொல்லையைப் பற்றி இங்கு எழுத விழைகின்றேன். வீட்டுக்கு முதன்முதல் இணையம் வந்த காலத்தில் அதன் வாடிக்கையாளர் பட்ட பாடே அது. மறந்துவிடத் தக்க சிறு தொல்லைதானே என்பர் சிலர். அன்று. அத்தொல்லையினுள்ளே நீதி பற்றிய வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. அவ்வினாவுக்கு நம் ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் இன்னும் முழு விடை பெறவில்லை.

புதியன யாவும் பதுளைக்குப் பிந்தியே வருதல் வரலாறு கண்ட உண்மை. புகைவண்டி 1867-ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்தது. பதுளையை வந்து சேர்ந்ததோ 1924-ஆம் ஆண்டில். இணையமும் அவ்வழியே வந்தது. இந்நாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் 1990-ஆம் ஆண்டளவிலேயே மின்னஞ்சலைக் கையாளத் தொடங்கினர். 1995-ஆம் ஆண்டில் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் என்னும் நிறுவனம் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு இணைப்பு வழங்க முன்வந்தது. அடுத்த ஆண்டிலே ஸ்ரீலங்கா ரெலிகொம் தனது இணையச் சேவையைத் தொடக்கியது. அக்காலத்தில் இலங்கையில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒரு தொலைபேசி இணைப்பே இருந்தது. தொலைபேசிக்கு விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். தொலைபேசி இல்லாதவனுக்கு இணையமும் இல்லை. எனவே இணைய வாடிக்கையாளன் என்பவன் அன்று நூற்றில் ஒருவனாகிய பேறு பெற்றவன்.

அப்பேறு பெற்றோருள் நானும் ஒருவனாயினேன். 1999-ஆம் ஆண்டிலே பதுளை நகரிலிருந்த எம் வீட்டிற்கு ஒரு கணினியும், மோடம் என்னும் சிறு பெட்டியும் வந்தன. இன்றைய மாணவர் அப்பெட்டியைக் கண்டிருக்கமாட்டார் ஆகலின் அதன் தொழிலைச் சிறிது விளக்குதல் தகும். கணினியின் செய்தியை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்புவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் செய்தியாக மாற்றுவதும் அதன் கடன். இணைப்புக் கிடைக்குமுன் அது எழுப்பும் கீச்சொலியும் இரைச்சலும் அயல்வீடு வரை கேட்கும். நாம் இணையத்தில் இருக்கும் வேளையில் எவரும் எம்மைத் தொலைபேசியில் அழைத்தல் இயலாது. அழைக்கவேண்டிய எண்ணோ கொழும்பு எண்ணாயிருந்தது. ஆகவே வழங்குநருக்குரிய மாதக் கட்டணம் ஒருபுறம், தொலைதூர அழைப்புக்குரிய நிமிடக் கட்டணம் மற்றொருபுறம் என இரு கட்டணங்களை நாம் செலுத்தினோம்.

எண்ணைச் சுழற்றினால் மறுமுனை ஓய்வின்றி இருக்கின்றது என்னும் ஒலியே பன்முறை கேட்கும். நூறு வாடிக்கையாளருக்குப் பத்து வழிகளைத் திறந்து வைத்தால் வேறென்ன கேட்கும்? இணைப்புக் கிடைத்தாலும் மழை பெய்தாற் கம்பியில் இரைச்சல் மிகும்; இணைப்பு அறும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமின்னலுக்கு மோடத்தையே பலிகொடுத்த வீடுகளும் உள. நான் இதுகாறும் கூறியவை இயந்திரத்தின் குறைகள். இவற்றைப் பொறுத்தல் அரிதன்று. பொறுத்தற்கரியது கணக்கிலே இருந்தது.

விளம்பரம் நொடிக்கு 56 கிலோபிட் "வரை" என்று கூறியது. அந்த "வரை" என்னும் சொல்லே எம்மை வருத்தியது. ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு 56 கிலோபிட் வேகத்தில் இரண்டரை நிமிடத்திற்குள் வந்து சேர வேண்டும். பழுதுற்ற கம்பியிலே வேகம் 20 ஆகக் குறையின் அதே கோப்புக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம் செல்லும். கட்டணமோ நிமிடத்துக்கு இவ்வளவு என்பது. ஆகவே சேவை எவ்வளவுக்குத் தாழ்ந்ததோ அவ்வளவுக்கு வாடிக்கையாளன் மிகுதியாகச் செலுத்தினான். அழுகிய காய்க்கு நல்ல காயினும் கூடுதல் விலை கேட்கும் கடை உலகில் எங்கேனும் உண்டா? இணையக் கடை அவ்வாறுதான் நடந்தது.

தோட்டத்திற் பிறந்து வளர்ந்த நமக்கு இக்கணக்குப் புதியதன்று. கொழுந்து மடுவத்திலே தராசு யார் பக்கம் இருந்தது என்பதை நாம் அறிவோம். கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிவு வைத்த பின்னரே கொழுந்தின் நிறை எழுதப்பட்டது. குறித்த நிறை எடாதவருக்கு அரைப்பேர் விழுந்தது. நிறுப்பவரும் எழுதுபவரும் கழிப்பவரும் ஒரே பக்கத்தில் நின்றனர்; பறித்தவள் மறுபக்கத்தில் நின்றாள். இணைய வழங்குநனும் தராசைத் தன் பக்கமே வைத்துக்கொண்டான். வேறுபாடு ஒன்றே: மடுவத்திலே அரைநாள் வேலைக்கு அரைப்பேர், இங்கோ அரைச் சேவைக்கும் முழுப்பேர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகின்றேன். 2001-ஆம் ஆண்டிலே மடூல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவன் என் வீட்டிற்கு வந்தான். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்த அவனுக்கு என் மின்னஞ்சல் முகவரிக்கே பதில் வந்திருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வர இசைகின்றேன் என அன்றிரவுக்குள் மறுமொழி விடுத்தல் வேண்டும். தோட்டத்திலிருந்து நடந்தும், பின்னர்ப் பஸ்ஸில் ஏறியும் அவன் பிற்பகலில் வந்து சேர்ந்தான். கடிதத்தைத் தட்டெழுதினோம். மாலை ஐந்து மணி முதல் இணைப்புக்கு முயன்றோம். முதலில் மறுமுனை ஓய்வின்றி இருந்தது. பின்னர் இணைப்புக் கிடைத்து மூன்றுமுறை அறுந்தது. வழங்குநரின் உதவி எண்ணை அழைத்தேன். தமிழில் விடை கூறுவார் எவருமிலர். தெரிந்த ஆங்கிலத்திற் கூறினேன். மறுநாட் காலையில் அழைக்குமாறு பணித்தனர். கடைசிப் பஸ்ஸும் சென்றுவிட, பையன் எம் வீட்டு விறாந்தையிலே படுத்தான். கடிதம் மறுநாட் காலை எட்டு மணிக்குச் சென்றது. அதற்குப் பதில் வரவேயில்லை.

மாத முடிவிற் கட்டணச் சிட்டை வந்தது. அன்று மாலை அறுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் அதிலே தொகை குறிக்கப்பட்டிருந்தது. நான் சினந்து முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று வரைந்தேன். எழுதிக்கொண்டிருக்கையிலேதான் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. நான் இழந்தது சில ரூபாய். அவன் இழந்தது ஒரு வாழ்க்கை வாய்ப்பு. ஆயினும் முறையிடும் உரிமை எனக்கே இருந்தது. ஏனெனில் சிட்டை என் பெயருக்கு வந்தது. அவனுக்குச் சிட்டை இல்லை, கணக்கிலக்கம் இல்லை. ஆதலால் அவனது இழப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

வாடிக்கையாளர் குரல் எழுப்பிய இடங்களிற் பயன் விளைந்தமையை உலகம் கண்டுள்ளது. 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் மாதம் 19.95 டொலருக்கு எவ்வளவு நேரமும் இணையத்தில் இருக்கலாம் என அறிவித்தது. மக்கள் திரண்டனர், வழிகள் அடைபட்டன, எங்கும் ஓய்வின்றி இருக்கும் ஒலியே கேட்டது. மாநிலச் சட்டத்தலைவர்கள் தலையிட, 1997 ஜனவரியில் அந்நிறுவனம் பணத்தை மீள அளிக்க இசைந்தது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாளிற் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடக்கியது. தனியாள் ஒருவர் 250 மணி நேர முழு இணைப்புக்கு 15,000 ரூபாய் செலுத்தவேண்டியிருந்தும், இணைப்புக் கிடைத்தல் அரிதாயிற்று. கண்டனம் பெருகவே அதன் தலைவர் தவறு நேர்ந்தமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இவ்விரு நாடுகளிலும் குறை கூறினோர் கணக்குடையோர். கணக்குடையோரின் குரலே கேட்கப்பட்டது.

எதிர்த்தரப்பாரின் நியாயத்தையும் கூறாதுவிடின் இக்கட்டுரை நடுநிலை பிறழும். பள்ளத்தாக்கும் முகடுமாக விரிந்த ஊவாவிலே கம்பி இழுத்தல் எளிதன்று. நமுனுகுலை மலை ஒரு பக்கத்துக் கோபுரத்தின் அலையை மறுபக்கத்துக்கு விடாது மறைக்கும். இணைய வழங்குநரும் பிறருடைய தொலைபேசிக் கம்பியையும் வெளிநாட்டு இணைப்பையும் நம்பியே தொழில் செய்தனர். 2004 ஆகஸ்டிலே கொழும்புக் கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்தியபோது நாடு முழுவதுமே இணையமின்றித் தவித்தது. இவை யாவும் உண்மையே. ஆயினும் மலை உயரமானது என்பது சேவை குறைந்தமைக்குக் காரணமாகலாம். குறைந்த சேவைக்கு நிறைந்த கட்டணம் பெற்றமைக்குக் காரணமாகாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1991-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டம் 1996-இல் திருத்தப்பட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் தோட்டத்தில் வாழ்பவன் முறையிடுமுன் வாடிக்கையாளனாதல் வேண்டும். வாடிக்கையாளனாகுமுன் முகவரி உடையவனாதல் வேண்டும். லயன் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை; தனி இலக்கமும் பெரும்பாலும் இல்லை. அவனுக்கு வரும் கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து எவர் கையிலேனும் வந்து சேரும், சேராமலும் போகும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் பெற்ற இளைஞரை நம்முள் அறியாதார் யார்? தபாலிற் பட்ட துன்பமே தொலைபேசியிலும் தொடர்ந்து, இணையத்திலும் தொடர்ந்தது. 2003-ஆம் ஆண்டளவிலே கொழும்பு வீடுகளுக்கு அகலப்பட்டை இணைப்பு வந்தது. அதே 2003-ஆம் ஆண்டிலேதான் இந்திய வம்சாவளியினருள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. தலைநகரத்தான் வேகம் போதவில்லை எனக் குறைகூறிய நாளில், தோட்டத்தான் குடிமகன் என்னும் பெயரைப் பெற்றுக்கொண்டிருந்தான்.

செல்லிடத் தொலைபேசி வந்து இவ்வேறுபாட்டைத் துடைத்துவிட்டது என்பாருக்கு லுணுகலையைக் காட்டுகின்றேன். கொரோனாப் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2021-ஆம் ஆண்டிலே, நம் பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் இணைய அலையைத் தேடிக் காட்டினுள் மலையேறி, மரத்தின்மேற் கட்டிய பரணிலிருந்து பாடங்களைப் பெற்றனர். பெற்றோர் அவர்களுக்குக் காவலாகச் சென்றனர். இச்செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வெளியாயிற்று. அட்டைக்கு முற்பணம் செலுத்தியவர்கள் அவர்கள். பணம் செலுத்தியவன் மரமேறிப் பொருளைப் பெறுவது எவ்வகை வாணிகம்? 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்தது. வானத்திலிருந்து வரும் அலைக்கு மலை தடையன்று. ஆயின் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் தடையாக நிற்கின்றது.

என் கருத்து இதுவே. அளவுகோல் விற்பவன் கையில் மட்டும் இருக்கும்வரை, குறை கூறும் உரிமை சிட்டை பெறுபவனுக்கு மட்டும் இருக்கும்வரை, எந்தப் புதுக் கருவி வரினும் பழைய அநீதியே தொடரும். அளவுகோலை வாங்குபவன் கையிற் கொடுத்தல் இயலாத செயலன்று. 2008-ஆம் ஆண்டளவிலேயே கொழும்பு லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தாரும் இணைந்து, வாடிக்கையாளர் தம் இணைப்பின் தரத்தைத் தாமே அளந்தறியும் கருவியொன்றை ஆக்கி வெளியிட்டனர். இன்றோ கையிலுள்ள தொலைபேசியிலேயே அரை நிமிடத்தில் வேகத்தை அளக்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். வழங்குநர் "வரை" என்னும் சொல்லோடு நில்லாது, "இதற்குக் குறையாது" என்னும் அளவையும் சிட்டையிற் பொறித்து, அது குறையுமிடத்துக் கட்டணத்தையும் குறைத்தல் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிற் பெற்றுத் தமிழிலேயே இலக்கமிட்டு விடை தருதல் வேண்டும். ஒவ்வொரு லயன் வீட்டிற்கும் அரசு தனி முகவரி வழங்குதல் வேண்டும்.

நம் கல்லூரியும் வாளாவிருத்தல் ஆகாது. மாணவர் கணினிக் கழகம் ஓர் ஏட்டைத் திறந்து, பசறை, மடூல்சீமை, ஹாலிஎல, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் மாணவரைக் கொண்டு, தத்தம் லயத்திலே கிடைக்கும் வேகத்தை மாதந்தோறும் அளந்து பதிவு செய்யட்டும். சட்டமும் தொழினுட்பமும் பயின்ற பழைய மாணவர் அவ்வேட்டை ஆண்டுதோறும் ஆணைக்குழுவின் முன் வைப்பாராக. என் தனிக் கடிதத்தைப் புறக்கணித்தவர்கள் ஓர் ஏட்டை அத்துணை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

அன்று என் விறாந்தையிற் படுத்த மாணவன் விடியலில் எழுந்து, கடிதம் சென்றமை அறிந்து, "நன்றி சேர், போய் வருகிறேன்" என்று கூறிப் பஸ்ஸுக்கு நடந்தான். அவன் எவரையும் குறை கூறவில்லை. குறை கூறுதற்குரிய இடம் ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இனி வரும் மாணவருக்கேனும் அது தெரிதல் வேண்டும். ஜூபிலி காணும் நம் கல்லூரி அதனைத் தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்குமாயின், இவ்விழா பொருள் பொதிந்த விழாவாகும்.