பெயரில்லாப் பிரசாரம்

தேர்தல் சமயத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிடுவதாயின், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய இருவருடைய பெயரும் விலாசமும் அதில் காணப்பட்டே தீரவேண்டும். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு இவ்வாறு விதிக்கிறது. மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறைவாசமோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவதூறு பரப்புவோர் தமது பெயரை மறைத்துக்கொண்டு தப்பக் கூடாது என்பதே இதன் தாத்பரியம்.

அதே அவதூறு வாட்ஸ்அப் மூலம் ஒரே இரவில் லட்சம் வீடுகளில் புகுந்தாலோ, பொறுப்பாளி யார் என்று அறிய வழியில்லை. நமக்கு அனுப்பியவர் அண்டைவீட்டுக்காரர். அவருக்கு அனுப்பியவர் அவருடைய மைத்துனர். முதலில் எழுதியவர் யார் என்பது இருவருக்குமே தெரியாது. இவ்வேலைக்கென்றே கட்சிகள் ஆட்களை அமர்த்தியிருப்பது ஊரறிந்த விஷயம்.

தேர்தல் கமிஷன் வாளாவிருக்கவில்லை. அபேட்சகர்கள் தமது சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கவேண்டும், விளம்பரங்களுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், அச்செலவைக் கணக்கில் காட்டவேண்டும் என்று 2013 அக்டோபரில் உத்தரவிட்டது. போலிப் படங்கள் தமது கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் அவற்றைக் கட்சிகள் அகற்றவேண்டும் என்று 2024 மே மாதத்தில் கூறிற்று. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், சொந்தப் பெயரில் பேசுவோரைத்தான் இவ்விதிகள் எளிதில் கட்டுப்படுத்தும். பெயரில்லாதவரை என் செய்வது?

பணவிஷயத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. 2024 லோக்சபைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் அபேட்சகர் ஒருவர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. அபேட்சகர் முன்வாசலில் கணக்குக் காட்ட, கட்சி புறக்கடை வழியாகப் பணத்தைக் கொட்டலாம்!

இதைத் திருத்த முயல்வது பேச்சுரிமைக்குப் பங்கம் எனச் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பொதுஜனங்கள் தத்தம் அபிப்பிராயத்தை எழுதுவதை எவரும் தடுக்கவேண்டாம். ஒரு கட்சியின் பணத்தால் தயாராகும் செய்தி அக்கட்சியின் பெயரைத் தாங்கி வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை. காகிதத்துக்கு நியாயமான விதி கைத்தொலைபேசிக்கு மட்டும் எவ்வாறு அநியாயமாகும்?

127-ஏ பிரிவை இத்துறைக்கும் விஸ்தரிப்பது பார்லிமெண்டின் கடமை. அதுவரை ஓட்டர்கள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், "இதை எழுதியவர் யார்?" என்று ஒவ்வொருவரும் கேட்கட்டும். விடை கிடைக்காவிடில், அச்செய்தி தம்மோடு நிற்கட்டும்.