கருவி இருக்கிறது, கனெக்‌ஷன் எங்கே?

காசிமேட்டில் எந்த விசைப்படகுக்காரரிடமாவது "ஜிபிஎஸ் நல்லா வேலை செய்யுதாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "சில நேரம் சாட்டிலைட் கிடைக்க மாட்டேங்குது சார்" என்ற பதில் அடிக்கடி வரும். சாட்டிலைட் மேல் பழியைப் போட்டாகிவிட்டால் பிறகு நாம் செய்ய ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் ஒயரோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் என் கருத்து வேறு. கோளாறு பெரும்பாலும் 20,000 கிலோமீட்டருக்கு மேலே இல்லை. பாட்டரிக்கும் கருவிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு முழ ஒயரில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறேன்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து கொடுத்த எச்சரிக்கை அவர்கள் காதுக்கே எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு பெட்டியை அறிமுகம் செய்தார்கள். ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலம் மீனவரின் போனுக்குக் கொடுக்கும். ஆனால் அது கேட்கும், பேசாது. அடுத்து 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் டிரான்ஸ்பாண்டர் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசம், மதிப்பு 364 கோடி ரூபாய். இது இரண்டு பக்கமும் பேசும். ஆபத்து என்றால் படகிலிருந்தே கரைக்குச் செய்தி அனுப்பலாம்.

நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கருவியைப் படகில் மாட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு வருத்தம்.

மூன்று இணைப்புகள் ஒழுங்காக இருந்தால்தான் இந்தக் கருவிகள் உதவும். பாட்டரியிலிருந்து கருவிக்கு ஒன்று, வானத்திலிருந்து கருவிக்கு ஒன்று, கருவியிலிருந்து போனுக்கு ஒன்று. எது அறுந்தாலும் நம் ஆட்கள் "சிக்னல் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

முதலில் பாட்டரி. உப்புக் காற்றில் செம்பு ஒயர் என்ன ஆகும் என்று ராயபுரத்தில் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைக் களிம்பு ஏறிவிடும். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் படகில் ஒரு சீசன்கூடத் தாங்காது. என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பாட்டரி ஒரு நொடி 10-க்குக் கீழே இறங்கும். ஜாயின்ட் நன்றாக இருந்தால் கருவி அதைச் சமாளித்துவிடலாம். களிம்பு பிடித்த ஜாயின்டில் இன்னும் கொஞ்சம் வோல்ட் குறைந்து கருவி அணைந்து எரியும். உடனே "சாட்டிலைட் போச்சு" என்கிறோம். டெஸ்டர் பல்பு எரிகிறதே என்று நம்பக் கூடாது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை அதன் முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டரியில் 12.6, கருவி முனையில் 11 என்றால் திருடன் நடுவில் இருக்கிறான். ஒயரைச் சுரண்டி, லக் அடித்து, தண்ணீர் புகாமல் மூடி, டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

இரண்டாவது வானம். ஆன்டெனாவுக்கு மேலே தகரமோ, ஐஸ் பெட்டியோ, குவித்த வலையோ இருக்கக் கூடாது. பல மாதம் அணைத்து வைத்த ஜிபிஎஸ்ஸை முதல்முறை போடும்போது அவசரப்படவும் கூடாது. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை இறக்கவே 12.5 நிமிடம் ஆகும். திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். இரண்டு நிமிடத்தில் "கெட்டுப் போச்சு" என்று முடிவு கட்டி மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டாம்.

மூன்றாவது போன். ப்ளூடூத் மட்டும் ஆன் செய்தால் போதாது. பல போன்களில் லொகேஷனும் ஆன் ஆக இருந்தால்தான் பக்கத்தில் இருக்கும் கருவியே கண்ணில் படும். சார்ஜ் மிச்சம் பிடிக்கும் வசதியைப் போட்டு வைத்தால், ராத்திரியில் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். எச்சரிக்கை எந்நேரத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் இடம் தப்பாகக் காட்டுகிறது என்பார்கள். அதற்குக் கணக்குதான் காரணம். 13 டிகிரி 7.5 நிமிடம் என்று ஒருவர் சொன்னதை, தசமத்தில் பதியும் கருவியில் 13.075 என்று போட்டுவிடுகிறார்கள். 13.125 என்று போட்டிருக்க வேண்டும். வித்தியாசம் 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர். ஆந்திர எல்லைப் பக்கம் தொழில் செய்யும் நம் படகுகளுக்கு அது சின்னத் தூரம் இல்லை.

"எல்லாம் போனிலேயே இருக்கே, இந்தப் பெட்டி எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போனுக்கு டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், உண்மைதான். நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். கரையில் இருப்பவருக்கு அதை எப்படிச் சொல்வது? டவர் தாண்டிய பிறகு அதற்கு டிரான்ஸ்பாண்டரும் விஎச்எஃப் செட்டும்தான் கதி.

என் யோசனை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது படகுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், என்ஜினைப் பிரித்து மாட்டுகிறோம். ஒயரை மட்டும் யாரும் தொடுவதில்லை. மீன்வளத்துறை அந்தச் சமயத்தில் படகுகளை ஆய்வு செய்கிறது. கருவி இருக்கிறதா என்று டிக் அடிப்பதோடு நிற்காமல், ஒரு சோதனைச் செய்தி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கட்டும். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் உதிரி ஒயர், இரண்டு டெக்னீஷியன்கள் போதும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? 364 கோடி போட்ட இடத்தில் இது பெரிய செலவே இல்லை. படகுக்கு ஒருவருக்காவது இந்த மூன்று இணைப்பையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால், கடலில் கெடும்போது அவரே சரி செய்துகொள்வார்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது கடலுக்குப் போகிற மகனோ மருமகனோ இருந்தால், இந்த வாரமே அந்த ஜாயின்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. அதையும் போனில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.